பூட்டுக்காரன் வீட்டுக் கதவு

என் தம்பி பூட்டுக்காரன். கடைத்தெருவில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். பூட்டுக்காரர் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கடை வாசலில் விடுவார்கள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை அது. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சாவிகள், சாவி வெட்டும் இயந்திரம், தலைக்கு மேல் ஒரு பலகை: 'எந்தப் பூட்டும் கண் சிமிட்டும் நேரத்தில்.' அந்த வாசகம் அவன் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதிக் கொடுத்தது.

கூடப் பிறந்தவள் சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசினால்தான் என்ன? நாங்கள் இருவருமே படிப்பைப் பாதியில் விட்டவர்கள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன், அவன் பூட்டுக் கடையில் உட்கார்ந்தான். பூட்டு திறக்க அவன் சத்தமே போடமாட்டான். மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். விரல் நுனியில் ஒரு 'டக்' வரும்வரை காத்திருப்பான். வந்துவிட்டால் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அதைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன், திறந்துவிட்டது என்று. வருஷக்கணக்காக அரம் பிடித்து அவன் விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அந்த விரல்களுக்குப் போன் மட்டும் அடங்கவில்லை. அவன் அதிலும் டக் தேடினான். கண்ணாடியில் ஏது டக்? வராததால் இன்னும் அழுத்துவான். விடாமல் அழுத்தினால் திரையில் இருக்கும் படங்கள் எல்லாம் குளிரில் நிற்பவை போல நடுங்க ஆரம்பிக்கும். "என்னடா இது, பயப்படுது" என்று இன்னும் ஒரு தடவை அழுத்துவான். ஏதாவது ஒன்று காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை வேறு ஊரிலிருந்து மகள் வீடியோவில் வருவாள்.

"அப்பா, கடிகாரம் எங்கே போச்சு?"

"நான் ஒண்ணும் பண்ணலை. அதுவா போச்சு."

"கடிகாரம் அதுவா போகாதுப்பா."

"ஓடுறதுதானே அதோட வேலை" என்பான். அவள் சிரித்துவிடுவாள். பிறகு பொறுமையாக அதைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுப்பாள். அடுத்த ஞாயிறு வேறொன்று காணாமல் போயிருக்கும்.

இப்போது கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி குடும்பம் மூன்றாவது மாடி, நான் அதற்கு நேர் கீழே. அவர்கள் கதவு இரும்புக் கதவு, தம்பியே நின்று செய்வித்தது. கீல்கள் எல்லாம் உள்பக்கம். சன்னல்களுக்குக் கம்பி. பூட்டுக்காரன் வீட்டில் திருடு போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பான்.

தம்பி மனைவிக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷம் ஒருநாள் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தாள். நல்லவேளையாக அன்று மகள் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் குட்டி (அவளை நான் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) போனில் திறக்கும் பூட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். அம்மாவுக்கு ஏதாவது என்றால் அவள் அங்கிருந்தே கதவைத் திறந்துவிடலாமாம். வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டி எரிந்துகொண்டிருந்தால் போதுமாம். விரல் வைத்தாலும் திறக்கும், எண் அழுத்தினாலும் திறக்கும், அவசரத்துக்கு அடியில் ஒரு சாவித் துவாரமும் உண்டு.

தம்பி அந்தப் பூட்டை, பெண் பார்க்க வந்தவன் போல, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். துவாரத்தில் கம்பியை விட்டான். மகள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் திறந்துவிட்டது.

"இதுக்குப் பேரு பூட்டா? பொம்மை" என்றான். மறுநாளே அந்தத் துவாரத்தின் மேல் கெட்டி இரும்புத் தகடு வைத்துத் திருகி, யாரும் கழற்ற முடியாதபடி திருகாணித் தலைகளையும் அரத்தால் ராவிவிட்டான். எண் பலகையும் வேண்டாம் என்றான். ஒரே எண்ணை அழுத்தி அழுத்தி அந்தப் பொத்தான்கள் மட்டும் பளபளக்குமாம், திருடனுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று மகளையே அதை அணைக்க வைத்தான். மிச்சம் விரலும் போனும்; அவன் போனிலும் அதற்கான ஆப்பைக் குட்டி போட்டுக் கொடுத்தாள். அவன் மனைவியின் விரலும் மகளின் விரலும் பதிந்துவிட்டன. அவன் விரலை வைத்தால் பூட்டு சிவப்பு விளக்கைக் காட்டிக் கொர்ரென்றது. என் விரலை அடுத்த முறை வரும்போது பதியலாம் என்று சொல்லிவிட்டுக் குட்டி ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

அவனுக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அவன் மணியை அடிப்பான், மனைவி உள்ளிருந்து திறப்பாள். அவன் வீட்டுப் பூட்டு அவனுக்குப் பழக்கமே ஆகவில்லை.

அன்று மதியம் நான் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் தொம் என்று ஒரு சத்தம். பாத்திரம் விழுந்தால் உருளும் சத்தம் வரும், நாற்காலி விழுந்தால் இரண்டு தரம் கேட்கும். இது ஒரே சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு மாடி ஏறினேன். மணி அடித்தேன். கதவைத் தட்டினேன்.

"அண்ணி..." என்று உள்ளேயிருந்து தம்பி மனைவி என்னைக் கூப்பிடும் குரல் வந்தது. தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"என்னம்மா ஆச்சு? கதவைத் திற."

"மாத்திரை போட்டேன்... சாப்பிடலை... கை வரமாட்டேங்குது."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், தீயணைப்புக்குச் சொன்னேன், தம்பிக்குச் சொன்னேன். முதலில் வந்தது தம்பிதான். கருவிப் பையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தவன் பையைத் தூக்கிக் கதவெதிரே போட்டான். குனிந்து தகட்டைத் தொட்டான். பையைத் திறக்கவே இல்லை.

"டிரில் போடேன்டா" என்றேன்.

"இந்தத் தகட்டுக்கு முனைதான் மழுங்கும். நான் போட்ட தகடாச்சே." அப்படிச் சொன்னபோது அவன் முகத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவன் தன் வேலையின் முன்னாலேயே கைகட்டி நின்றான்.

என் போனில் குட்டியைப் பிடித்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அத்தை, நான் இங்கேயிருந்து பார்த்துட்டேன், பூட்டு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. வைஃபை பெட்டி அணைஞ்சிருக்கு. அம்மா மறுபடியும் அணைச்சிட்டாங்களா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்குடி... தூக்கம் வரலை..."

"இந்த அம்மாவை..." என்று அவள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்டது. "அப்பா, உங்க போன்ல அந்த வீடு படம் போட்ட ஆப்பைத் திறங்க. பெட்டி இல்லாட்டியும் கதவுக்குப் பக்கத்துல நின்னா அது திறக்கும்."

தம்பி போனை எடுத்தான். தேடினான். திருப்பித் தேடினான்.

"வீடு இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"இல்லைங்கிறேன்! போன வாரம் நடுங்கிச்சு. அதுல போயிருக்கும்."

"அப்பா!"

"கத்தாதே. நீ மாட்டின பூட்டு இது. ஒரு சாவி இருந்தா இந்நேரம் உள்ளே போயிருப்பேன்."

"சாவித் துவாரத்தை அடைச்சது யாரு? நானா?"

இருவரும் வாயை மூடினார்கள். அந்த மௌனத்தில்தான் எனக்கு உறைத்தது, உள்ளேயும் குரல் நின்றுவிட்டது என்று. கதவில் காதை வைத்தேன். மூச்சு கேட்டது, கர் கர் என்று. கூப்பிட்டேன். பதில் இல்லை.

"குட்டி, அம்மா பேசலை" என்றேன்.

பிறகு வந்த குரல் வேறு. பதற்றத்தை எல்லாம் துடைத்து வைத்துவிட்டு வந்த குரல்.

"அப்பா. சண்டை அப்புறம். உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கேன், நீலக் கலர்ல ஒரு வரி இருக்கும். அதைத் தொடுங்க."

தொட்டான். அழுத்தினான். அந்த வரி கறுத்துப்போய் ஏதேதோ சொற்கள் மேலே எழும்பின. "அக்கா, நீ பண்ணு" என்று என்னிடம் நீட்டினான். என் மூக்குக் கண்ணாடி கீழே, மெஷின் மேல் இருந்தது. நீலமும் கறுப்பும் எனக்கு ஒரே புகையாகத் தெரிந்தன. போனை அவன் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"நீயே பண்ணுடா."

"தொட்டுட்டு எடுத்துடுங்கப்பா" என்றாள் குட்டி. "பூட்டுக்குள்ள கம்பி விடும்போது என்ன பண்ணுவீங்க? அழுத்துவீங்களா?"

"அழுத்தினா கம்பி வளைஞ்சிடும்."

"அதேதான். இதுவும் வளைஞ்சிடும். ஈ உட்கார்ந்து எந்திரிக்கிற மாதிரி தொடுங்க. டக் வராது. வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே விரலை எடுங்க."

ஈ உட்கார்ந்து எழுந்தது. வரி திறந்தது. ஆப் இறங்கத் தொடங்கியது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி மண்டியிட்டுக் கதவில் நெற்றியை வைத்து மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே, கண்ணை மட்டும் அந்த வட்டத்திலிருந்து எடுக்காமல் இருந்தான். கீழே தெருவில் ஏதோ வண்டியின் ஊளை கேட்டு ஓடிப்போய்ப் படிக்கட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு இல்லை, நேரே போய்விட்டது.

"வந்திடுச்சு" என்றான் தம்பி. "என்னமோ எழுதியிருக்கு. 'உங்களை இந்த வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். சம்மதமா?'" அவன் குரல் உடைந்தது. "என் வீட்டுக்கு என்னையே கூப்பிடுதாம்மா."

"நான்தான் கூப்பிடறேன்பா. சம்மதம்னு இருக்கிறதைத் தொடுங்க. அடுத்து என்ன கேட்டாலும் ஆமாம்னே சொல்லுங்க."

ஒன்று கேட்டது, ஆமாம். இன்னொன்று கேட்டது, ஆமாம். கல்யாணத்தில்கூட அவன் இவ்வளவு தரம் ஆமாம் சொல்லியிருக்கமாட்டான். கடைசியில் திரை முழுக்க ஒரு பூட்டுப் படம் வந்தது, அதன் கீழே ஓர் அம்பு.

"அந்த அம்பை வலது பக்கம் இழுத்துக்கிட்டே போங்க. ஓரம் வரைக்கும். நடுவுல விரலை எடுக்கக்கூடாது."

இழுத்தான். பாதி வழியில் அம்பு நழுவித் திரும்பிவிட்டது. மறுபடி இழுத்தான். மறுபடி நழுவியது. அந்த வழவழ விரல் நுனியைக் கண்ணாடிக்குத் தெரியவே இல்லை. நாளெல்லாம் இரும்புத் தூளில் இருந்து காய்ந்த விரல்.

"பிடிக்கலைம்மா. என் கையை இதுக்குப் பிடிக்கலை."

"அப்பா, உடைஞ்ச சாவித் துண்டு ஒண்ணு உள்ளே மாட்டிக்கிட்டா வெளியே எப்படி எடுப்பீங்க?"

தம்பி கட்டை விரலை வாயில் வைத்து ஈரமாக்கினான். கண்ணை மூடிக்கொண்டான். நுனியை விட்டுவிட்டு விரலின் பக்கவாட்டை அம்பின் மேல் வைத்து, மூச்சைக்கூட விடாமல், இழை இழையாக நகர்த்தினான். நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கதவுக்குள் மோட்டார் விர்ரென்று சுற்றியது. தாழ் விலகியது. இரும்புக்குள்ளிருந்து டக் என்று கேட்டது.

அவள் சமையலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. பெயரைச் சொல்லித் தட்டியதும் உம் என்றாள். தம்பி தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினாள். இன்னும் கொஞ்சம். குட்டி போனுக்குள்ளிருந்து "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "விழுங்குறாம்மா" என்றேன். அந்தப் பக்கம் அவள் அப்போதுதான் அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்து, இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார்கள். கட்டிலில் படுக்க வைத்ததும் தம்பி மனைவி கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள்.

"தட்டுற சத்தம் எல்லாம் கேட்டுது. கண் சிமிட்டும் நேரத்துலன்னு போர்டு போட்டிருக்கீங்க. உங்க கண்ணு ஒரு தரம் சிமிட்ட இவ்வளவு நேரமா?"

தம்பி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவன் கடை திறக்கவில்லை. காலையிலிருந்து கதவெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து தன் தகட்டைத் தானே அறுத்தான். அவன் சொன்னது சரிதான், முனை முனையாக மழுங்கியது. மதியம் தாண்டித்தான் விட்டது. பொம்மைத் துவாரத்தை எடுத்து எறிந்துவிட்டு, யாரும் கம்பியால் திறக்க முடியாத சாவி உருளை ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினான். ஒரு சாவி வெட்டி என்னிடம் கொடுத்தான். அது இப்போது என் தையல் மெஷின் இழுப்பறையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த முறை குட்டி வந்தபோது என் விரலையும் பதிந்தாள். வைஃபை பெட்டியின் விளக்கு மேல் தம்பி கறுப்புத் தாள் ஒட்டிவிட்டான். யாரும் அதை அணைப்பதில்லை.

அவன் இன்னொன்றும் செய்கிறான், அதை யாரிடமும் சொல்லமாட்டான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் மணி அடிப்பதில்லை. கதவெதிரே நின்று கட்டை விரலை நனைத்துக்கொண்டு போனை எடுக்கிறான். முதல் தரத்தில் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. வராத நாளில் மகளைக் கூப்பிடுகிறான். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் கேட்கும்.

"அம்பு திரும்பிடுச்சு குட்டி."

"மறுபடி இழுங்கப்பா. நான் இருக்கேன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுப்பாள். "யாரது வாசல்ல?"

"பூட்டுக்காரன்."

"நாங்க யாரையும் வரச் சொல்லலையே" என்பாள். எழுந்து வந்து திறக்கவும் மாட்டாள். அவன் திறக்கும்வரை காத்திருப்பாள்.