அண்ணி கூப்பிட்ட இடம்

பிரிக்பீல்ட்ஸில் அண்ணி குடியிருந்த வீட்டு வரிசையை இடிக்கப் போகிறார்கள். பக்கத்து வீடுகள் எல்லாம் காலியாகி, கதவு ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணியின் சாமான்களையும் சனிக்கிழமை லோரியில் ஏற்றி, செலாயாங்கில் மகள் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சாமான் போனது, அண்ணி போகவில்லை. ஒரு பாய், ஒரு விளக்கு, என் அண்ணனின் படம், இவற்றோடு வெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். மகள் கெஞ்சிப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் எனக்குப் போன் அடித்தாள்.

"சித்தப்பா, நீங்க வந்து பேசுங்க. அம்மா அசைய மாட்டேங்கிறாங்க. நாளைக்கு மிஷினோட வந்துடுவாங்களாம்."

கிள்ளானிலிருந்து திட்டிக்கொண்டேதான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு, அதுவும் போச்சு. வாசலுக்கு வந்தால் இரும்புக் கேட்டு வழக்கம்போலப் பூட்டாமல் கிடந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கேட்டு அப்படித்தான். ராத்திரியானாலும் அண்ணி வெறும் கொண்டிதான் போடுவார், பூட்டு போடமாட்டார். திருடன் இரண்டு தடவை வந்துபோயும் புத்தி வரவில்லை. நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைசியாக அந்தக் கேட்டைத் தாண்டிப் போனான். வந்தால் திறக்க வேண்டுமே என்பது அண்ணியின் கணக்கு.

அண்ணன் மோட்டார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்சைக்கிள் பந்தயம் ஓட்டுவான். ஷா ஆலாம் பக்கம் அப்போது இருந்த பந்தயத் திடலில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு பந்தயத்தில் விழுந்து அங்கேயே இறந்துபோனான்.

"நான் பாட்டுக்கு வந்துட்டா அவருக்கு யாரு சொல்றது?" என்றார் அண்ணி. "அவருக்கு இந்த வீடு ஒண்ணுதான் தெரியும். இதையும் இடிச்சிட்டா எங்க வந்து நிப்பாரு?"

"ஐயோ அண்ணி! மூணாம் நாளே போய்க் கூப்பிட்டுக் கொண்டாந்தோமே, மறந்துட்டீங்களா?"

வெளியே விபத்தில் போனவர்கள் விழுந்த இடத்திலேயே திகைத்து நிற்பார்கள் என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை. அங்கே போய்ச் சூடம் கொளுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கல்லோ பிடி மண்ணோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படித்தான் அப்பாவும் நானும் காரியம் செய்யும் பண்டாரமும் போனோம். திடலைப் பூட்டி வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த ஜாகா உள்ளே விடவில்லை. சரி என்று கேட்டுக்கு வெளியிலேயே சூடம் கொளுத்தினோம். பண்டாரம் அண்ணனின் ஐசியை, அடையாள அட்டையைப் பார்த்து முழுப்பெயரை மூன்று முறை உரக்கச் சொன்னார். வீட்டில் ஒருத்தரும் அண்ணனை அந்தப் பெயரால் கூப்பிட்டது கிடையாது. பெண்கள் வரக்கூடாது என்று அண்ணியை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

"ஆம்பளைங்க மூணு பேரும் கேட்டுல நின்னு ஐசி பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. போலீஸ் தேடுதுன்னு நெனச்சு இன்னும் உள்ள போயிருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. "அவரு வரல தம்பி. வந்திருந்தா எனக்குத் தெரியாதா? என்னைய ஒரு தடவ கூட்டிட்டுப் போ. அப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க வரேன்."

பேய் பிசாசெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த வழியாக எப்போது வண்டி ஓட்டினாலும் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். திரும்பாமல் ஒரு நாளும் போனதில்லை. அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

பாய், விளக்கு, படம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். திடல் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பாதிக்கு மேல் வீடுகள் வந்துவிட்டன. மிச்சம் லாலாங் புல்லுக்குள் கிடந்தது. பக்கத்தில் புதிதாக வீடு கட்டும் இடத்துக்கு ஒரு ஜாகா, நம் தமிழ்ப் பையன்தான், காவல் குடிசையை விட்டு ஓடி வந்தான்.

"அங்கிள், உள்ள போகாதீங்க லா. பாம்பு இருக்கு. கல்யாண போட்டோ எடுக்க வர்றவங்களையே நாங்க விடுறதில்ல."

அண்ணி காரைவிட்டு இறங்கினார். "என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு தம்பி. கூட்டிட்டுப் போயிடுறேன்."

"அலாமாக்! எப்போ போனாரு ஆன்டி? நான் பாக்கலியே!"

"ரொம்ப நேரமாச்சு."

பையன் பதறிப்போய், "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, இருட்டப் போவுது" என்று கம்பி வேலியைத் தானே தூக்கிப் பிடித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து நுழைந்தேன்.

தார் வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து செடி முளைத்திருந்தது. ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக அடித்த சாயம் அங்கங்கே தெரிந்தது. பார்வையாளர் மேடையின் கூரை போய்விட்டது, சிமெண்டுப் படிகள் மட்டும் நின்றன. அன்று அந்தப் படியில்தான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அண்ணன் முன்னால் பறந்து போவான், நான் எழுந்து கத்துவேன். ஒரு சுற்றில் மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். அவன் வரவில்லை. எழுந்தவன் எழுந்தபடியே நின்றேன். கடைசி வளைவுப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். அந்த வளைவைத்தான் இப்போது அண்ணிக்குக் காட்ட வேண்டியிருந்தது. மெதுவாக நடந்தேன். முட்டிவலி என்று சொல்லிக்கொண்டேன்.

வளைவில் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. சூடத்தை எடுத்தேன். அண்ணி பாதை போகும் பக்கமாகப் பார்த்தார்.

"பந்தயம் எங்க முடியும்?"

"அதோ, மேடைக்கு முன்னால ஒரு கோடு இருந்துச்சு. அதைத் தாண்டினாத்தான் முடியும்."

"அப்போ அங்க போவோம்."

"அண்ணி, விழுந்த எடம் இதுதான். இங்கதான் கூப்பிடணும்."

"உங்கண்ணனப் பத்தி உனக்குத் தெரியாதா? சோறு ஆறுதுன்னு கத்தினாலும் கையில எடுத்த வேலைய முடிக்காம வருவாரா? ஓடிட்டு இருக்கிறவரை நடுவுல கூப்பிட்டா நிப்பாரா?"

இத்தனை வருடமாக அவன் விழுந்து கிடப்பதாகவே நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணிக்கு அவன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். ஒரே பாதையில், சுற்றிச் சுற்றி, முடிக்காமல்.

மேடைக்கு முன்னால் கோடு அழிந்துபோயிருந்தது. சுமாராக ஓரிடத்தைக் காட்டினேன். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடத்தைத் தாரின் மேல் வைத்துக் கொளுத்தினார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அண்ணி வாயால் அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

"ஏங்க," என்றார். அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற அதே குரல். "ஏங்க, போதும். முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வாங்க."

நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. தினம் ஆயிரம் வண்டி ஓடுகிற சாலை, கேட்காமல் இருக்குமா? ஆனால் அந்தச் சத்தம் தேய்ந்து தூரமாகவில்லை. கிட்டே வந்து, மெல்லக் குறைந்து, நின்றது. காற்றும் இல்லை. சூடம் அணைந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அண்ணி உதிர்ந்த தார்க்கட்டி ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "வா தம்பி, போவோம்."

வேலியில் ஜாகா பையன், "பெரியவரு எங்க ஆன்டி?" என்றான். "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அண்ணி காரின் முன்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தார். பிறகு அதைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். பையன் என்னைப் பார்த்தான். நான் வண்டியை எடுத்தேன்.

அண்ணி சாலாக் செலாத்தானில் சீனக் குடும்பங்களோடு சேர்ந்து வளர்ந்தவர். இறந்தவரை அழைத்துக்கொண்டு போகும்போது வழி சொல்லிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பாலத்தில் நின்றுவிடுவார்கள் என்று அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார். வழி நெடுக அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். "ஏங்க, பாலம் வருது." "டோல் வருது, நீங்க இருந்தப்போ இதெல்லாம் இல்ல." "உங்க தம்பிதான் ஓட்டுறாரு, பயப்படாதீங்க, மெதுவாத்தான் போவாரு." வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன்.

செலாயாங்கில் லிப்டுக்குள் நாங்கள் இருவர்தான். சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஒரு பையன் ஓடி வந்து காலை உள்ளே வைத்தான்.

"ஆளு இருக்கு தம்பி, அடுத்ததுல வா," என்றேன்.

வெறும் லிப்டை ஒரு முறை பார்த்தான், என் முகத்தை ஒரு முறை பார்த்தான், காலை எடுத்துக்கொண்டான். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மகள் கதவைத் திறந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்து, தார்க்கட்டியைச் சாமி அலமாரியில் வைத்து விளக்கேற்றினார். அப்புறம் அடுப்படிக்குப் போனார். சோறு இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அந்த வீட்டு வாசலிலும் ஓர் இரும்புக் கேட்டு, என் பின்னால் விரியத் திறந்து கிடந்தது.

"என்ன தம்பி நிக்கிற? எல்லாரும் வந்தாச்சு," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார் அண்ணி. "கேட்டப் பூட்டு."