லேட் பஸ் சார்

போன வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் ஒரு காபிக் கடையின் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட சின்ன ஹாலில், நானும் என் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் அரியலூர்க்காரி. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஐம்பதை நெருங்கும் பொம்பளைக்கு ஸ்டாண்ட்-அப் காமெடி நடக்கிற இடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் சூப்பர்வைசர். மற்ற ஆம்பளைகள் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி, இவர் சென்னையின் ஸ்டாண்ட்-அப் காமெடியைத் தொடர்ந்துகொண்டிருந்தார். எந்த வாரம் எந்தக் காபிக் கடையில் யார் பேசுகிறார்கள், புதுப் பையன்களில் யார் தேறுவான், யார் போன வருஷத்து ஜோக்கையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான், எல்லாம் அத்துபடி. ஷிப்டு முடிந்து வந்து, சட்டையில் ஒட்டியிருக்கும் சிமெண்டைத் தட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதில்தான் மூழ்குவார். சிமெண்டைத் தட்டித் தட்டிப் பழகி, கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் புதுச் சட்டையைக்கூட ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மாட்டுவார் அந்த மனுஷன்.

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் அவருக்கு வசதியாகிவிட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு இருவரும் காலை ரயிலில் ஏறுவோம். ரயில் விருத்தாசலம் தாண்டுவதற்குள், அன்று சாயங்காலம் யார் யார் மேடை ஏறுகிறார்கள் என்று எனக்கு முழு விவரமும் வந்துவிடும். பெரிய அரங்கங்கள் அவருக்குப் பிடிக்காது. புது ஆட்கள் புது ஜோக்குகளைச் சொல்லிப் பார்க்கிற ஓப்பன் மைக்தான் பிடிக்கும். பாதி ஜோக் எடுபடாது. சொன்னவன் முகம் சுண்டிப்போகும். நாலு மாதம் கழித்துப் போனால் அதே ஜோக்கைச் செதுக்கி வைத்து ஹாலையே அலற வைப்பான். "பெரிய ஹால்ல வடிச்ச சோத்தைப் போடுவாங்க. இங்கதான் உலை கொதிக்கறதைப் பாக்கலாம்" என்பார். எனக்கு முதல் தடவை ஒரு மண்ணும் புரியவில்லை. பையில் கொண்டுபோன முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன். போகப் போக எனக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் அவரிடம் ஒரு விசேஷம். எந்த ஜோக்குக்கும் அவருக்குச் சிரிப்பு லேட்டாகத்தான் வரும். புரியாமல் இல்லை. உள்ளே போட்டு ஒரு சுற்று சுற்றி, ருசி பார்த்து, அப்புறம்தான் சிரிப்பார். அதற்குள் ஹால் அடங்கியிருக்கும்.

அந்தக் காபிக் கடையில் நிகழ்ச்சியை நடத்துகிற தம்பி ஒருவர் உண்டு. ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பதும், நடுவில் முன்வரிசையை வம்புக்கு இழுப்பதும் அவர் வேலை. ஒரு தடவை எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். அரியலூர் என்றேன். "டைனோசர் முட்டை எடுத்த ஊர்தானே? விண்கல் விழுந்து டைனோசர் செத்துச்சுன்னு சொல்றதெல்லாம் பொய்ங்க. அரியலூர் பஸ்ஸுக்கு நின்னு நின்னே செத்துருக்கும்" என்றார். ஹாலே சிரித்தது. இவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அடுத்த வரிசைக்குப் போய் வேறு யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர் தன்னந்தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தம்பி திரும்பி, "சார், உங்களுக்கு இப்பதான் பஸ் வந்துச்சா?" என்றாரே பார்க்கலாம். அன்று அந்த ஹாலில் எழுந்த சிரிப்பு மாதிரி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் லேட் பஸ் சார். ஊர் திரும்புகிற வரைக்கும் ரயிலில் அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் அந்தக் கார்த்திகைக்கு முந்தின பங்குனியில் ஒரு காலை, ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். தங்கமான மனுஷன், யார் மனசும் நோகப் பேசாதவர். பதினாறாம் நாள் கருமாதி முடிவதற்குள் அவர் மாலை போட்ட போட்டோவாகவே ஆகிவிட்டார். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் சொன்ன ஆளோடு நான் குடும்பம் நடத்தவில்லை என்று எனக்குத் தோன்றும். யாரிடம் போய் அதைச் சொல்வது?

வீட்டில் என் மாமனார் டிவியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். வருஷம் திரும்புகிற வரைக்கும் இந்த வீட்டில் பாட்டு, சிரிப்பு எதுவும் கூடாது என்பது அவர் முடிவு. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் நான் என்ன பேச முடியும்? அவரும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னைப் பயமுறுத்தியது என் மகள்தான். காரியம் முடிந்து சென்னைக்குப் போனவள் அப்பா என்ற சொல்லையே விட்டுவிட்டாள். போனில் நான் அவர் பேச்சை எடுத்தால், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாள். அழுதாலாவது ஆறுதல் சொல்லலாம். அவள் அழவும் இல்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனது. எப்படியாவது அவள் வாயைத் திறக்க வைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கார்த்திகையில் ரயில் ஏறினேன். தோழிகளோடு அவள் தங்கியிருந்த வீட்டில் பகல் முழுக்க இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்ததுதான் மிச்சம். தாங்க முடியாமல், "வா, அந்தக் காபிக் கடைக்குப் போவோம்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுக்காமல் செருப்பை மாட்டினாள்.

புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, சிரிக்கப் போயிருக்கிறாள் பார் என்று ஊரில் தெரிந்தால் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அது தெரிந்துதான் போனேன். மூன்றாவது வரிசையில் உட்காரலாம் என்று பார்த்தேன். இடம் முன்வரிசையில்தான் இருந்தது.

அதே தம்பிதான் மைக்கோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அரியலூர் அம்மா! எங்க ரொம்ப நாளா ஆளையே காணோம்? லேட் பஸ் சார் எங்க?" என்று கேட்டார்.

பழைய ஆட்கள் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகளின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஹாலே சுடுகாடாகிவிடும். அதைவிட, அவரைப் பற்றி ஒருத்தர் சிரித்த முகத்தோடு கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. இத்தனை மாதத்தில் அவரை அவராகவே விசாரித்த முதல் ஆள் இந்தத் தம்பிதான். என் வாய் தானாகச் சொன்னது, "ஊர்ல இருக்காருப்பா."

"ஏன், வரலையா?" என்றார் தம்பி.

அடுத்து என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை. அப்போது பக்கத்திலிருந்து என் மகள் குரல் கேட்டது. "போன தடவை நீங்க சொன்ன ஜோக்குக்கே அவரு இன்னும் சிரிச்சு முடிக்கலண்ணா."

ஹால் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தர் நாற்காலியைத் தட்டினார். தம்பி மைக்கைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டி, "நீயே நடத்திக்கம்மா, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். அவள் விடவில்லை. அப்பா புதுச் சட்டையைத் தட்டுவதைச் சொன்னாள். ரயில் வருவதற்கு ரொம்ப முன்பே ஸ்டேஷனுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டு, ரயில் வரும் நேரம் பார்த்து டீ குடிக்கக் காணாமல் போவதைச் சொன்னாள். நான் குறட்டையைச் சொன்னேன். தம்பி ஒவ்வொன்றுக்கும் பதிலுக்கு ஒரு ஜோக் எடுத்துவிட்டார். அவ்வளவு பேரும் என் வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சிரித்ததால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பாதி உண்மை.

நிகழ்ச்சி முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது தம்பி பின்னால் ஓடி வந்தார். ஹாலின் மூலையில் கேமரா வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். நன்றாக வந்த பகுதியை வெட்டி நெட்டில் போட்டால்தான் அடுத்த ஷோவுக்கு ஆள் வரும். "அம்மா, இன்னைக்கு உங்க ரெண்டு பேராலதான் ஷோ களைகட்டுச்சு. அந்தப் பகுதியைப் போட்டுக்கட்டுமா? கேக்காமப் போட மாட்டோம். சார்கிட்டயும் காட்டுங்க. அடுத்த தடவை கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றார்.

அரியலூரில் எங்கள் சொந்தக்காரர்களில் போன் இல்லாத ஆள் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறினேன். மகள்தான் சொன்னாள், "அண்ணா, அப்பா இல்ல. பங்குனியில தவறிட்டாரு."

அவர் போய்விட்டார் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். படியில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நான் தடுக்கவில்லை. அழட்டும் என்று நின்றேன்.

தம்பி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "தெரியாமக் கேட்டுட்டேம்மா" என்று மட்டும் ரெண்டு மூன்று தடவை சொன்னார். நீ கேட்டதுதான் தம்பி எங்களுக்கு நல்லது என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. அப்புறம் அவர் ஒன்று சொன்னார். "அந்த டைனோசர் ஜோக்கை நான் எல்லா ஊர்லயும் சொல்றேம்மா. சொல்லி முடிச்சுட்டு, இருங்க, அரியலூர்லேர்ந்து ஒரு பஸ் வரணும்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன். அதுக்குத்தான் பெரிய சிரிப்பே வரும். அது சார் குடுத்தது. இனிமே அதை எடுத்துடட்டுமா?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுக்காதீங்கண்ணா" என்றாள்.

அந்தப் பதிவை அவர் எங்கேயும் போடவில்லை. மகளின் போனுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டதாக எழுதியிருந்தார். அன்று ராத்திரி நானும் மகளும் வயிறாரச் சாப்பிட்டோம். அவள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். மறுநாள் ரயில் ஏற்றிவிடும்போது, "தாத்தாவுக்குக் காட்டும்மா" என்றாள்.

எனக்கு அதற்குத் துணிச்சல் வரவில்லை. ஊர் வந்து ஒரு வாரம் போனை ஒளித்து வைத்தேன் என்றே சொல்லலாம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மாமனார் மூடிக் கிடந்த டிவிக்கு எதிரே வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பக்கத்தில் போய், "மாமா, இதை ஒரு தடவை பாருங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தம்பி கேட்டது, நான் பொய் சொன்னது, பேத்தி சொன்னது, ஜனம் சிரித்தது, எல்லாம் ஓடி முடிந்தது. முகத்தில் ஒரு அசைவு இல்லை. போனைத் திருப்பி என்னிடம் நீட்டினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அடுப்படிக்கு வந்து கீரையை ஆய ஆரம்பித்தேன்.

பாதிக் கட்டு ஆய்ந்திருப்பேன். கூடத்திலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மாமனார் தன்னந்தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அச்சு அசல் அதே சிரிப்பு. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைக்க டிவி மேல் கிடந்த துண்டை உருவினார்.

"சின்னப் புள்ளையிலேயே அவன் அப்படித்தாம்மா. பள்ளிக்கூடத்துல கேட்ட கதைக்கு வூட்டுக்கு வந்து சிரிப்பான்" என்றார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர்தான் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டு திரும்ப டிவி மேல் போகவில்லை.

இப்போது துக்க வீடுகளுக்குப் போனால் தங்கமான மனுஷன் என்று நான் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படிச் சிரிப்பார் என்று கேட்கிறேன். போனவரை ஒரு நிமிஷமாவது வீட்டுக்குக் கூட்டி வர எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.