சரி, பத்த வை

எங்கள் விடுதி வாட்ச்மேனுக்குப் பல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சமையலறைப் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவருடைய தட்டை மட்டும் சமையல்கார அக்கா தன் கையாலேயே போட்டுக் கொண்டுவந்து வைப்பார். பெரியவர் என்கிற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். சோற்றையும் காயையும் கூழாக மசித்து அடியில் பரப்பி, மேலே எல்லார் தட்டிலும் இருப்பதுபோல உதிரிச் சோற்றைத் தூவிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"என்னடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கற? தண்ணிய எடுத்துட்டுப் போ" என்றார்.

பல் போனதைப் பெரியவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு வரவேயில்லை.

அந்த அக்கா இன்று இல்லை. நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அவருக்கே பிடிக்காது. எங்களை நடுங்க வைத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும்.

எங்களுடையது நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண்பிள்ளைகளின் விடுதி. கீழே சமையலறை. அதற்கு மேலே மாடி மாடியாகப் பிள்ளைகள். கேஸ் சிலிண்டர்கள் பின்சுவரோரம் ஒரு கம்பிக் கூண்டுக்குள் நிற்கும். அங்கிருந்து ரப்பர் டியூப் உள்ளே வந்து பெரிய அடுப்புகளுக்குப் போகும். அக்காதான் தலைமைச் சமையல். மீசை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் அவருக்கு அடுத்த ஆள். ஒல்லி உடம்பு, அந்த உடம்பு தாங்காத மீசை. காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை.

அக்காவை எல்லாரும் மூக்கக்கா என்பார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் மூக்கு அப்படி. மூடியைத் திறக்காமலேயே "உப்பு போடலயாடா?" என்று கேட்பார். பிள்ளைகளில் யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று பக்கத்தில் வந்து நின்றாலே சொல்லிவிடுவார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் காலையில், வாசலிலேயே கையை விரித்து எல்லாரையும் மறித்து, "யாரும் உள்ள வராதீங்க" என்று கத்தினாராம். உள்ளே கேஸ் கசிந்திருந்தது. வேறு ஒருவர் மூக்குக்கும் அது எட்டவில்லை. அன்றிலிருந்து மேனேஜர் ஒரு பழக்கம் வைத்துவிட்டார். காலையில் அக்கா முதலில் உள்ளே போவார். அடுப்புக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பார். மூச்சை இழுத்து விடுவார். பிறகு "சரி, பத்த வை" என்பார். அந்தச் சொல் வராமல் யாரும் தீக்குச்சியைத் தொடக்கூடாது.

கேஸ் கசிந்தால் மணி அடிக்கும் மெஷின் ஒன்றை விற்க ஒருவர் வந்தார். மேனேஜர் சிரித்துவிட்டார். "எங்க அக்கா மூக்குக்குக் கரண்டும் வேணாம், பேட்டரியும் வேணாம். போயிட்டு வாங்க."

அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த மெஷினை அவர் ஒரு நொடி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் மனதில் உறுத்தின. தரை துடைக்க நான் பினாயிலை அதிகமாக ஊற்றினால் முன்பெல்லாம் "என்னடி, ஆஸ்பத்திரியா இது?" என்று கத்துவார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கொதி வரும்போது மீசையைக் கூப்பிட்டு, "வாசனை எப்படிடா வந்திருக்கு? நீ சொல்லு, உனக்கும் பழகணும்ல" என்பார். மீசைக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒருநாள் அடுப்போரம் கரித்துணி புகைந்து கருகிக்கொண்டிருந்தது. அக்கா அதன் பக்கத்திலேயே நின்று மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்த் துணியைத் தூக்கித் தண்ணீரில் போட்டேன். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

படிப்பு முடித்துப் போகும் பெண் ஒருத்தி அவருக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தாள். அக்கா அதை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, "அடேயப்பா, என்ன மணம்! தோட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு" என்றார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். அவரும் சட்டென்று அப்படியே சிரித்துச் சமாளித்தார். என் பக்கம் திரும்பியபோது அந்த முகத்தில் சிரிப்பில்லை. அன்று காலையிலும் அவர் "சரி, பத்த வை" என்று சொல்லியிருந்தார். மேலே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே வெங்காயம் உரிக்கும்போது கேட்டுவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு வாசனை தெரியுதா?"

கத்தியை நிறுத்தாமல் சொன்னார். "தெரியலடி. ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப பாதி போச்சு. மீதி எப்ப போச்சுன்னு எனக்கே தெரியாது. வயசாகுறதுல இதுதான் மோசம். வர்றது தெரியும். நரை வருது, முட்டி வலி வருது, எல்லாம் மேளம் கொட்டிக்கிட்டு வருது. போறது மட்டும் சொல்லிக்காம போயிடுது. பூனை மாதிரி."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகாம? டார்ச் அடிச்சு உள்ள பாத்தாரு. வயசாச்சு, அப்படித்தாங்கன்னுட்டாரு. அவர் வயசுக்கு அவர் ஈசியா சொல்லிட்டாரு."

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்கக்கா. கேஸு விஷயம்."

"சொல்றேன். கொஞ்ச நாள் விடு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகன் சோறு போடுவான், அது பத்திக் கவலையில்ல. மருமக பூ மாதிரி வச்சுக்குவா. ஆனா அந்த வீட்டுல நான் யாருடி? இங்க நான் ஒரு வார்த்த சொல்லாம ஒரு அடுப்பு எரியாது" என்றார்.

அவரே சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

"நல்லதும் இருக்குடி, இல்லன்னு சொல்லமாட்டேன். சின்ன வயசுல என் வாய்க்குப் பயந்து எங்க வீட்டுக்காரரு மொட்டை மாடியில படுத்துக்குவாரு. பெயின்ட் அடிக்கப் போன எடத்துலயே தங்கிட்டேன்னு பொய் சொல்லுவாரு, பாவம். இப்ப பாரு. கோபம் வர்றதுக்குள்ள எதுக்குக் கோபம்னு மறந்துடுது. இருந்திருந்தா அந்த மனுஷன் இப்பத்தான் நிம்மதியா தூங்கியிருப்பாரு."

சிரித்தேன், ஆனாலும் விடவில்லை. "இந்த வாரத்துக்குள்ள நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அக்காவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. "சரிடி, போலீஸ்காரி" என்றார். அதுவரைக்கும் அவருக்கு முன்னால் நான் வந்து முகர்ந்து பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். கடவுளே, இந்த ஒரு வாரம் காப்பாற்று என்று பாரத்தை அவர்மேல் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பினேன். மூலை மூலையாக நின்று முகர்வேன். என் மூக்கு என்ன மூக்கோ என்று எனக்கே சந்தேகம். முகர முகர இல்லாத வாசனையெல்லாம் வந்ததுபோல் இருக்கும்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒருநாள் ராத்திரியிலிருந்தே மழை. தெருவெல்லாம் தண்ணீர் நின்று பஸ் நகரவில்லை. பாதியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அக்காவுக்கும் இந்த மழைதானே, அவரும் தாமதமாகத்தான் வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வராமல் அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்றும் சொல்லிக்கொண்டேன். விடுதியின் பின்கதவைத் திறந்ததும் நடைபாதையிலேயே அந்த வாசனை முகத்தில் அடித்தது. அழுகின முட்டை வாசனை. சாரல் அடிக்கிறது என்று சமையலறை ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். மேலே ஏதோ ஒரு அறையில் ஒரு பிள்ளை இருமுவது கேட்டது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சரி, பத்த வை."

"வேணாம்!" என்று கத்தினேன். என் குரல்தானா அது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "தீக்குச்சிய கீழ போடு! பத்த வைக்காத!"

மீசை அடுப்புக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். தீப்பெட்டி ஒரு கையில், குச்சி ஒரு கையில். அப்படியே கல்லாய் நின்றார். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். தீப்பெட்டி ஈரத்தரையில் விழுந்தது. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தேன். மீசைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கூண்டுக்கு ஓடிப்போய் சிலிண்டர்களை மூடினார். சுவரோரம் டியூபை எலி கடித்திருந்தது. ஓட்டையில் சுண்டுவிரல் நுழையும்.

மழையில் வெளியே நின்றோம். மீசை என்னிடம் சொன்னார்.

"எனக்கும் வாசனை வந்துச்சு தங்கச்சி. உள்ள வந்ததுமே வந்துச்சு. ஆனா அக்கா சரின்னு சொல்லிட்டாங்களே. என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அக்கா அதைக் கேட்டார். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கேஸ் வெடித்திருந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். "என்ன ஆச்சு? யாரு அவசரப்பட்டது? அக்கா சொல்றதுக்கு முன்னாடி எவன் பத்த வைக்கப் போனான்?"

மீசை அக்காவைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சார்..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடுடா" என்றார் அக்கா. எழுந்து நின்றார். "அவன் மேல தப்பில்ல. நான் சொல்லித்தான் பத்த வைக்கப் போனான். எனக்கு மூக்கு செத்துப் போச்சு தம்பி. ரெண்டு வருஷம் இருக்கும்."

மேனேஜருக்குப் புரியவில்லை. "ரெண்டு வருஷமா? அப்ப தினமும் காலையில கண்ண மூடிக்கிட்டு நின்னீங்களே?"

"சாமி கும்பிட்டேன்" என்றார் அக்கா. "இன்னிக்கு ஒரு நாள் காப்பாத்துன்னு கும்பிட்டுட்டு, சரின்னு சொல்லுவேன்."

மேனேஜர் நிமிர்ந்து மேல் மாடி ஜன்னல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நானும் கும்பிடுகிறவள்தான். கடவுள் கைவிடமாட்டார் என்று நம்புகிறவள்தான். ஆனால் இத்தனை காலைகளும் வெறும் கும்பிடு ஒன்றை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கடவுளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் அத்தனை நாளும் காப்பாற்றியிருக்கிறார். இன்னும் எத்தனை நாள் அவரைச் சோதிப்பது?

அன்றைக்கே அக்கா கிளம்பிவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார், குடையை எடுத்துக்கொண்டார். மீசை அழுதுகொண்டே பின்னால் போனார். "டேய், ஒப்பாரி வைக்காத. போய் சோத்த வை. பிள்ளைங்க பசியோட வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மணி அடிக்கும் அந்த மெஷின் அந்த வாரமே வந்து சமையலறைச் சுவரில் ஏறியது.

மழைக்காலம் முடிந்தபின் அக்கா வீட்டுக்குப் போனேன். அச்சகத்துக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். மகனுக்குக் கீழேயே வேலை. அச்சு மெஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும். மருமகள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து டீ போட உள்ளே போனாள். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தலையை நன்றாக வாரிப் பின்னியிருந்தார்கள்.

"பாரு, ராணி மாதிரி இருக்கேன்" என்றார். "மத்தியானம் தூங்குறேன்டி! வாழ்க்கையில மத்தியானம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

மருமகள் டீயை வைத்துவிட்டு அந்தப்பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் மேல நாத்தம் அடிக்குதா?"

"என்னக்கா இது."

"மோந்து பாருடி. எனக்குத் தெரியாதுல்ல. அவ சொல்லமாட்டா, நல்ல பொண்ணு. நல்லவங்க எங்க உண்மைய சொல்றாங்க?"

அவர் தோளில் முகத்தை வைத்து முகர்ந்தேன். சோப்பு வாசனை. கொஞ்சம் மருந்தெண்ணெய். உள்ளதைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் அவர் இடதுகை விரல்களைப் பார்த்தேன். மூன்று விரல்களிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"கை என்னக்கா ஆச்சு?"

அவர் கையைத் தூக்கி, புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரியலயே. டீ டம்ளரா இருக்கும். சுட்ட மாதிரியே இல்ல." சேலைத் தலைப்பால் விரல்களை மூடிக்கொண்டார். "அத விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

மருமகளிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் பதறிப்போனாள். டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னாள், போகவும் போனாள். அதற்குப்பிறகு நான் அக்காவைப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவர் வீட்டிலிருந்து கிளம்பிய அன்றைக்கு நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நல்லபடியா இருங்கக்கா, போயிட்டு வரேன்" என்றேன். மாடிப்படி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே வந்தார். கீழே அச்சு மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்:

"அடுத்த தடவ எப்படியிருக்கீங்கன்னு யாரையாவது விட்டுக் கேப்ப. நல்லாயிருக்கேன்னுதான் நான் சொல்லி அனுப்புவேன். அத நம்பிடாத. நீயே வந்து பாரு."