உப்புக் கோணியில் வௌவால் எரு

நனைந்த கோணியில் கட்டிய வௌவால் எருவின் வாடை மூக்கில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில் ஏறும்; ஒரு முறை தோளில் தூக்கிவிட்டால் எத்தனை குளித்தாலும் சட்டையை விட்டுப் போகாது. மரக்காணத்து உப்பளக்காரனான எனக்கு அந்த வாடை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே நான் பெரிய மனிதனானேன்.

பெரிய மனிதன் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், இன்றைக்கு என் பாத்திகளைச் சுற்றிவர ஒரு காலைப்பொழுது வேண்டும். லாரிகள் ஆந்திரா வரைக்கும் போகின்றன. கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைக்கிறார்கள். உப்பு வாரிய கூலிக்காரன்தான் நான் என்று மேடையிலேயே சொல்லுவேன், கை தட்டுவார்கள். எருவை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ஐப்பசி மழை இறங்கினால் அளம் முழுகிவிடும். தை வரைக்கும் எங்கள் ஜனத்துக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மேற்கே திண்டிவனம் பக்கத்துக் கல்மலை ஒன்றுக்குப் போவார். பாறைக்கு அடியில் இயற்கையாக விழுந்த குகை அது, அந்த ஊரார் "வவ்வா பொடவு" என்பார்கள். தவழ்ந்து நுழைந்தால் உள்ளே ஆள் நிமிரும் அளவுக்கு இடம் இருக்கும். மேலே கறுப்புத் துணி காயப்போட்டது போல வௌவால்கள், காலுக்குக் கீழே மெத்தென்று எரு. அதை வாரிக் கட்டி, நவரைப் பட்டத்துக்கு நாற்று விடும் விவசாயிகளுக்கு விற்பதுதான் எங்கள் மழைக்காலப் பிழைப்பு. குட்டியோடு தொங்குகிற மூலைப்பக்கம் அப்பா போகவே மாட்டார். "பிள்ள பெத்தவ வீட்டுல சத்தம் போடாதடா" என்று என் வாயைப் பொத்துவார்.

ஒரு வருஷம் எருக் கோணிகளில் பாதி நைந்துபோய்விட்டதால், சும்மா கிடந்த உப்புக் கோணிகளை எடுத்தோம். கழுவாமல் எடுக்கவில்லை, எங்கள் ஊர்க் கழுவெளி ஏரித் தண்ணீரில் முக்கி முக்கி அலசித்தான் எடுத்தோம். ஆனால் மழைநீர் கலந்தாலும் கழுவெளி உப்புத்தான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. பாத்தியில் காயும் தண்ணீரையே தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பழகியவர்களுக்கு அதைவிடக் குறைந்த எதுவும் நல்ல தண்ணீர்தானே. எங்கள் எருவைப் போட்ட நாற்றங்கால்கள் நுனி கருகி, பிறகு அடியோடு சாய்ந்துவிட்டன.

அடுத்த நடைக்கு நாங்கள் போனபோது பொடவு வாசலில் கூட்டம் நின்றது. காய்ந்த பனையோலையும் வைக்கோலும் மலைபோலக் குவித்து, மேலே மிளகாய் வற்றலைக் கொட்டி வைத்திருந்தார்கள். வௌவால்களுக்கு ஏதோ சீக்கு வந்து எச்சம் விஷமாகிவிட்டது, புகை போட்டு ஒன்றுவிடாமல் ஒழித்துவிட வேண்டும் என்று ஊரே முடிவு செய்திருந்தது. முன்னால் நின்றவர் ஏழுமலை, அதிகமாக நாற்றை இழந்தவர். எங்கள் மேல் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பாவம், உன் பிழைப்பும் போச்சே என்று அப்பாவிடம் பரிதாபம்கூடப் பட்டார்கள்.

திருப்பிக் கொடுப்பதற்காக ஊரார் அங்கே போட்டிருந்த எங்கள் கோணிகளில் ஒன்றை அப்பா எடுத்தார். ஓரத்தை நாக்கில் வைத்தார்.

"வவ்வா மேல தப்பு இல்லீங்க" என்றார். "உப்புக் கோணிங்க இது. என் தப்புதான்."

ஏழுமலை நம்பவில்லை, எருக் கிராக்கி போய்விடுமே என்று அளக்கிறாய் என்றார். "அப்போ ஒவ்வொண்ணா நக்கிச் சொல்லு, எதுல உப்பு இருக்குதுன்னு. பாக்கறோம்."

அப்பா குந்தி உட்கார்ந்தார். எரு ஒட்டிக் காய்ந்த கோணிகளை ஒவ்வொன்றாக மடியில் இழுத்துப் போட்டு நாக்கால் தொட்டு, துப்பி, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று பிரித்து வைத்தார். "பசு மாடு கூட இப்பிடி நக்காதுய்யா" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. சந்தேகத்துக்கு ஏழுமலையும் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்து, தூவென்று துப்பினார். ஓலையை அவரவர் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் எருவை ஒருவரும் வாங்கவில்லை.

வழி நெடுக நான் அப்பாவுக்குப் பின்னால் தள்ளியே நடந்தேன். யாருக்கும் தெரியாதே, ஏன் சொன்னாய் என்று கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அதுங்க வந்து சொல்லுமாடா?" என்றார், திரும்பாமலே.

என் தலை ஒருத்தன் முன்னாலும் இப்படிக் குனியக் கூடாது என்று அன்றைக்கு வைத்த வைராக்கியம்தான் என்னை மேலே கொண்டுவந்தது என்று பெருமையாக நினைத்திருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

மலர்விழி என்ற ஆராய்ச்சி மாணவி அந்தப் பொடவைப் பதிவு செய்ய வந்தாள். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத கல்லே கிடையாது என்று வழக்கம்போல அளந்துவிட்டு, என் ஜீப்பிலேயே கூட்டிப்போனேன். அவள் நாடா பிடித்து நீளம் அளந்தாள், சிவப்பு விளக்கில் படம் எடுத்தாள், நம் காதுக்கு எட்டாத வௌவால் குரலை ஒரு கருவியில் பிடித்தாள். சுற்றுவட்டாரத்துப் பொடவுகளில் எல்லாம் புகை போட்டு விரட்டிவிட்டார்கள், இங்கே மட்டும் எப்படித் தப்பித்தன என்று கேட்டாள். கூட வந்திருந்த ஏழுமலையின் மகன், அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்க, நாக்கை நீட்டி நடித்தே காட்டினார். என் டிரைவரும் கணக்குப்பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மலர்விழி மட்டும் சிரிக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தவர் பெயர் என்ன என்றாள்.

"உப்புக்காரன்னுதாம்மா கூப்புடுவாங்க." ஏழுமலையின் மகன் என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே, தெரிஞ்சிருக்குமேங்க?"

"எத்தினியோ பேரு வேல செஞ்சாங்க" என்றேன். "யாருன்னு தெரியல."

இன்று உப்பு பிளாஸ்டிக் பையில் போகிறது. நாற்றுக்குக் கடை உரம் வந்துவிட்டது; எரு வார யாரும் போகாததால் மலையேறும் தடத்தை வேலிக்காத்தான் முள் மூடிவிட்டது. மலர்விழியின் புத்தகம் அச்சாகி வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பொடவு தப்பித்த கதையில், "பெயர் தெரியாத உப்பளத் தொழிலாளி ஒருவர்" என்று இருந்தது. என் பெயருக்கு முன்னால் எங்கே பார்த்தாலும் ஒரு "க" நிற்கிறது. அது யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மலர்விழிக்குப் போன் போட்டு, அந்த உப்பளக்காரர் பெயர் கன்னியப்பன், அடுத்த தடவை அச்சடித்தால் போட்டுவிடம்மா என்றேன். குறித்துக்கொண்டு, அவரை உங்களுக்குப் பழக்கமா ஐயா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதோடு போனை வைத்துவிட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்: என் அப்பா.