முந்நூறு லிட்டர் பலகை

ஜனவரி, ஞாயிறு. காலை 6.10.

திருவள்ளூரிலிருந்து காரில் கிளம்பினோம். கூரைமேல், புதிதாகச் செய்யச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் பழைய துடுப்புப் பலகை; நின்றபடி துடுப்புப் போட்டு நீரில் போவதற்கானது. நீளம் பன்னிரண்டரை அடி, அகலம் 26 அங்குலம், கன அளவு 235 லிட்டர். நான் 66 கிலோ இருந்தபோது வாங்கியது. நான் பின்னால் நிற்க, மனைவி வசந்தா முன்னால் உட்கார்ந்து வருவாள். பழவேற்காட்டு ஏரியில் எட்டு வருடம் அப்படிப் போனோம். பிறகு எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, மூன்று வருட இடைவெளி. இப்போது என் எடை 88. சென்ற மாதம் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கவிழ்ந்தோம். இன்றும் சரிவராவிட்டால் இதை விட்டுவிடுவதாக வசந்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

7.05. பெரியபாளையத்தில் நாஷ்டா. இருவருக்கும் 110 ரூபாய். பரிமாறியவர் கார் கூரையைப் பார்த்து, "இன்னா சார், ஊட்டுக் கதவா?" என்றார்.

"ஆமாண்ணா, ஊடு பின்னாடி வருது," என்றாள் வசந்தா.

8.20. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை, 54 கிலோமீட்டர். செல்வத்தின் ஃபைபர் பட்டறை. இருபது வருடம் தண்ணீர்த் தொட்டி செய்தவர். கடற்கரை விடுதிகள் கேட்கத் தொடங்கியபின் பலகையும் செய்கிறார். பழையதன் படத்தையும் அளவையும் அனுப்பிவிட்டு, போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: இதே மாதிரி, முந்நூறு லிட்டரில். எடை கூடியதால் லிட்டரும் கூட வேண்டும் என்று நினைத்தேன். தொட்டிக்காரருக்கு லிட்டர் சொன்னால் போதும், மறுகேள்வி கிடையாது. நீள அகலத்தை அப்படியே வைத்து, தடிமனை ஏற்றி, அடியை உருட்டிச் செய்திருந்தார்.

9.10. பட்டறைக்குப் பின்னால் ஏரி. புதுப் பலகை நன்றாகவே மிதந்தது. ஆனால் நான் எழுந்ததும் மரக்கட்டைபோல் புரண்டது. மூன்று முறை. வசந்தா கரையேறித் துப்பட்டாவைப் பிழிந்தாள். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"லிட்டரு கரெக்டு சார்," என்றார் செல்வம். "தொட்டி மேல யாரு நிக்கப் போறாங்க? அந்த நெனப்புலயே செஞ்சுட்டேன்."

நானும் யோசிக்கவில்லை. என் பயணக் குறிப்பேட்டில் லிட்டருக்குக் கட்டம் உண்டு, அகலத்துக்கு இல்லை.

பட்டறை வாசலில் ஒரு விடுதிக்காகச் செய்த பலகை சாய்ந்திருந்தது. பத்தரை அடி நீளம், 34 அங்குல அகலம், தட்டையான அடி, 225 லிட்டர். வசந்தாதான் கைகாட்டினாள். பழையதைவிடப் பத்து லிட்டர் குறைவு என்றேன்.

"உங்களுக்கு நிக்க எடம் வேணுமா, தண்ணி ரொப்ப எடம் வேணுமா?" என்றாள்.

9.50. அதை நீரில் இறக்கி, வசந்தா முன்னால் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். பலகை ஆடவில்லை. வேகம்தான் இல்லை. பழையது கூர்மூக்கால் நீரைக் கிழித்துக்கொண்டு போகும். பழவேற்காட்டில் கொக்குகள் எழும்புமுன் அவற்றைத் தாண்டிவிடுவோம். அதை நினைத்துக்கொண்டிருந்தபோது வசந்தா மெல்லத் திரும்பினாள். பழையதில் அசைந்தால் கவிழும் என்று முன்னே பார்த்தபடியே வருவாள். எட்டு வருடமும் நான் பார்த்தது அவள் கொண்டையைத்தான். இதில் காலை மடித்து, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"துடுப்பு போடும்போது வாயத் தொறந்துக்கினேதான் நிப்பீங்களா? அப்பலருந்தேவா?"

சட்டென்று வாயை மூடினேன்; அடுத்த துடுப்பில் தானே திறந்துகொண்டது.

11.30. அகலப் பலகையின் விலை 38,000 ரூபாய். முந்நூறு லிட்டரைத் தானே வைத்துக்கொண்டு விடுதிக்கு வேறு செய்துகொள்வதாகச் சொன்ன செல்வம், பழையதை எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் கூரையில் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். தூரம், நேரம், காற்று எல்லாம் இருக்கின்றன. அவள் முகம் எங்கும் இல்லை. இன்றைய பக்கத்தில், 9.50க்கு நேரே எழுதினேன்: வசந்தா சிரித்தாள்.