கட்டாருக்கு அனுப்பும் வீடியோ

ஒன்றரை வயதில் ஆரணி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் வாசல் படலைக்கு ஓடுவாள். காது கேட்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குறை காதில்தான் இருக்கட்டும் என்று வற்றாப்பளை அம்மனை வேண்டினேன். காதென்றால் கருவி பூட்டலாம் அல்லவா?

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். காது நன்றாக இருந்தது. ஓட்டிசமாக (பிறரோடு பழகுவதும் கதைப்பதும் வேறுவிதமாக அமையும் மூளை வளர்ச்சி நிலை) இருக்கலாம் என்றார் குழந்தைநல வைத்தியர். திரும்பி வரும்போது பஸ்ஸில், அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கட்டாரில் வேலை செய்யும் கணவருக்கு அன்று சொல்ல வாய் வரவில்லை; பிறகொரு நாள்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்திலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போய்வர ஒரு பகல் வேண்டும். பஸ் இரைச்சலுக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அதனால் அங்குள்ள பயிற்சியாளர் தொலைபேசியிலேயே உதவ ஒத்துக்கொண்டார். ‘மிஸ்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். முதலில் பிள்ளையின் வீடியோ ஒன்றைக் கேட்டார்.

குளிக்கவார்த்து, பவுடர் பூசி, புதுச்சட்டை போட்டு, பூச்சாடிக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தி, நாலைந்து தரம் எடுத்து, நல்லதாகப் பொறுக்கி அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு எடுத்தனுப்பிப் பழகிய கை வேறென்ன செய்யும்?

மிஸ் சிரித்துவிட்டார். “நல்ல வடிவாயிருக்கிறா. ஆனா அம்மா, இது கட்டாருக்கு அனுப்புற வீடியோ. நீங்கள் சமைக்கேக்க ஆரணி என்ன செய்யிறா எண்டு எனக்குப் பாக்கவேணும்.”

“ஐயோ மிஸ், குசினி கிடக்கிற கிடையை ஆருக்குக் காட்டுறது?”

“நான் குசினியைப் பாக்கமாட்டன். போனைச் சாத்திவச்சிட்டு உங்கட வேலையைப் பாருங்கோ.”

அரிசி வாளியில் சாத்திவைத்தேன். பிறகு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை வந்து என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் இழுக்கிறாள். நான் திரும்பாமலே கோப்பையை நீட்டுகிறேன். குடித்துவிட்டுப் போகிறாள். என்னைத் தேடுவதே இல்லை என்று நான் ஏங்கிய பிள்ளை, என்னிடம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அவா கையால கதைக்கிறா,” என்றார் மிஸ். “உடன குடுக்காதேங்கோ. குந்தி இருந்து, முகத்துக்கு நேர கோப்பையைப் பிடிச்சு, ‘தண்ணி’ எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்சம் பொறுங்கோ.”

இதை வாசிக்கும் தாய்மாருக்குச் சொல்கிறேன்: அந்தக் ‘கொஞ்சம்’ மிக நீளமானது. கறி அடிப்பிடிக்கும். கால் விறைக்கும். பிள்ளை கோப்பையைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும், நம்மைப் பார்க்காது.

மாரி மழை முடிந்த ஒரு காலையில், நான் அப்படிக் குந்தியிருக்க, ஆரணி என் கன்னத்தில் கை வைத்தாள். முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்தாள். பிறகுதான் குடித்தாள்.

உடனே கணவருக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன்.

“வீடியோ எடுத்தனீரோ?” என்றார்.

“இல்லையப்பா. அவா என்னைப் பாத்தவா. நானும் அவாவைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”



இப்போது என் நாளில் பாதி தரையில், அவளுடைய உயரத்தில் போகிறது. முழங்கால் இரண்டும் வலிக்கின்றன. பேச்சு வருமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் மிஸ். பக்கத்து வளவில் ஏதோ ஒரு பிள்ளை “அம்மா” என்று கூப்பிட்டால், ஆரணி என் மடியில் இருக்கும்போதும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.