பண்ணையார் போணிக்குக் காத்திருந்த ரெக்கார்டுகள்

பாட்டு வியாபாரத்தில் முதல் வாரம்தான் எல்லாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இதை என் முதலாளியிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

1. பெட்டி உடைத்தது

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. நாகர்கோவிலில் ஒரு கிராமபோன் கடையில் நான் விற்பனையாளராக இருந்தேன். புதுப்படத்தின் பாட்டு ரெக்கார்டுகள் மதராஸிலிருந்து வந்து, சமஸ்தான எல்லையான ஆரல்வாய்மொழியில் சுங்கச் சவுக்கையில் தீர்வை கட்டி, வைக்கோல் பொதிந்த பெட்டியில் ஒரு தட்டுகூட உடையாமல் கடைக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை கொட்டகையில் படம். கம்பெனி ஏஜென்ட் நேரிலேயே வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

"படம் வர்றதுக்கு முன்னாடியே பாட்டு தெருவுல கேட்கணும். முதல் வாரத்துல பெட்டி காலியாகலேன்னா ஏஜென்சிய மொத்தமா கோட்டாறு கடைக்கே கொடுத்துடுவோம்."

எங்களுக்குப் போட்டியான கோட்டாறு கடைக்கும் அதே ரெக்கார்டுகள் போயிருந்தன. ஏஜென்சி போனால் முதலாளிக்கு வயல் இருந்தது. எனக்கு இந்த வேலை மட்டும்தான்.

ஒரு தட்டை மெஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றப் போனேன். முதலாளி என் கையைப் பிடித்தார்.

"வைடே அங்ஙன. பூதப்பாண்டி பண்ணையாரு வந்து போணி பண்ணட்டும். அவிய கைராசி ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். கடை திறந்த அன்று முதல் ரெக்கார்டு வாங்கியவர் அவர்தான். வியாபாரம் ஓகோவென்று போயிற்று. அதிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் அவர் கையால்தான் முதல் விற்பனை. மற்ற நாளில் ஆள் அனுப்பினால் வில்வண்டியில் வந்துவிடுவார். அப்போது பார்த்துக் கும்பப்பூ அறுப்பு. நெல்லைக் களத்தில் போட்டுவிட்டு எந்தப் பண்ணையார் பாட்டு வாங்க வருவார்? அறுப்பு முடியட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

2. விற்கக் கூடாத வாரம்

படம் வந்தது. நல்ல கூட்டம். ஆட்டம் விட்டதும் ஜனங்கள் நேரே எங்கள் கடைக்கு வந்தார்கள். அலமாரியில் ரெக்கார்டு இருக்கிறது, அவர்கள் கையில் காசு இருக்கிறது, நான் கொடுக்கக் கூடாது. உலகத்தில் எங்காவது உண்டா இப்படி ஒரு வியாபாரம்?

மைக்செட்காரர் செல்லையா வந்தார். கல்யாணம், கோயில் கொடை விழா என்று ஊர் ஊராகப் பாட்டுப் போடுகிறவர். அவர் ஒரு தட்டு வாங்கினால் போதும், கேட்ட ஊரெல்லாம் கடையைத் தேடி வரும்.

"என்னவே, விக்கதுக்குத்தானே வச்சிருக்கேரு? எடும்."

"பண்ணையாரு போணி ஆகல்ல அண்ணாச்சி."

"அப்பம் பாட்டையும் அவரையே பாடச் சொல்லும்!"

சைக்கிளை நேரே கோட்டாறுக்கு மிதித்தார். நான் முதலாளியிடம் மன்றாடினேன்.

"மொதலாளி, சூடு ஆறிப்போனா எவனும் வாங்க மாட்டான். நான் ஒரு தட்டைக் களத்துக்கே கொண்டுபோயி அவிய கையில குடுத்து ரூவா வாங்கிட்டு வந்திருகேன்."

"கடை வாசல்ல நிண்ணு வாங்குகதுதாம்டே போணி. களத்துல வச்சு வாங்குனா அதுக்குப் பேரு வேற."

என்ன பேரோ! அவரோடு பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

3. கைராசி வந்தது

அறுப்பு முடிந்து பண்ணையார் வந்தபோது கொட்டகையில் அடுத்த படத்துக்கு விளம்பரத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி சூடம் கொளுத்தி, ரெக்கார்டைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். பண்ணையார் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பாட்டா வேய்? எங்க ஊரு அம்மன் கொடையில செல்லையா இதையே போட்டுப் போட்டுக் காதைப் புண்ணாக்கிட்டான். வேண்டாம். மெஷினுக்கு ஊசி ஒரு டப்பா குடும்."

ஊசிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியேறினார். முதலாளி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"போணி ஆயிட்டுல்லா? இனி வித்துக்கோடே."

தெருவில் ஒரு ஆள் இல்லை. அந்த மாதமே ஏஜென்சி கோட்டாறுக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே நானும் போய் அங்கே வேலை கேட்டேன்.

கடை வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படம் பார்த்த சூட்டில் காசை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறானே, அவனைவிடக் கைராசிக்காரன் எந்த ஊரிலும் கிடையாது. அவனைக் காக்க வைக்காதீர்கள்.